மாடி ரூம் யாருக்கு?

வீட்டு பிளானை டேபிள்ல விரிச்சா போதும்... வீடே சட்டசபை ஆயிடும்! அம்மாவுக்கு பூஜை ரூம் பெருசா வேணும். அப்பாவுக்கு கார் நிறுத்த இடம். (கார் இன்னும் வாங்கலை, அது வேற விஷயம்.) தங்கச்சிக்கு சுவர் முழுக்க அலமாரி. நமக்கு? வேற என்ன, மாடில ஒரு ரூம், பால்கனியோட! லேட்டா வந்தா தெரியக் கூடாது, போன் பேசினா கீழே கேக்கக் கூடாது.

நானும் அதேதான் கேட்டேன். 2006-ல மதுரையில எங்க வீடு கட்டினப்போ நான் காலேஜ் செகண்ட் இயர். மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வாங்கின ரூம் அது. அதுல நான் ஒழுங்கா தங்கினது ரெண்டே வருஷம். அப்புறம் வேலை, பெங்களூரு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனா உண்டு. இப்ப அந்த ரூம்ல பழைய டேபிள் ஃபேனும் கொசுவலையும் குடியிருக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடி ஏறியே ஆறு மாசம் ஆச்சாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்க பாஸ். அப்பாவுக்கு இப்ப 50. இன்னும் மூணு, நாலு வருஷத்துல நீங்க சென்னையோ, புனேயோ, சிங்கப்பூரோ கிளம்பிடுவீங்க. அதுக்கப்புறம் இருபத்தஞ்சு, முப்பது வருஷம் அந்த வீட்ல யார் இருக்கப்போறா? 65 வயசு அப்பாவும் 60 வயசு அம்மாவும். அப்புறம் 75 வயசு அப்பா. ஆனா பிளான்ல அந்த ரெண்டு பேரைத் தேடிப் பாருங்க, இருக்கவே மாட்டாங்க. படியில ரெண்டு ரெண்டா தாவி ஏறுற ஆளுக்குத்தான் நாம வீடு வரையறோம்.

எங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்தது அப்பத்தா. 2017-ல பாத்ரூம் வாசல்ல வழுக்கி விழுந்துருச்சு. இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன். ரெண்டு வாரம் கழிச்சு வீல்சேரோட வீட்டுக்கு வந்துச்சு. வாசல்ல அஞ்சு படி. பக்கத்து வீட்டுப் பசங்களையும் சேர்த்து நாலு பேர் சேரோட தூக்கினோம். உள்ள வந்தாச்சுன்னு மூச்சு விட்டா, வீல்சேர் பாத்ரூம் கதவுல போய் நின்னுடுச்சு. ரெண்டே ரெண்டு அங்குலம் இடிக்குது!

அதனால ஒவ்வொரு தடவையும் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கணும். கொஞ்ச நாள்ல அப்பத்தா தண்ணி குடிக்கிறதைக் குறைச்சிருச்சு. கேட்டா, 'தாகமே எடுக்கலைப்பா'ன்னு சொல்லும். யூரின் இன்ஃபெக்‌ஷன் ஆகி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம்தான் எங்களுக்கு உறைச்சுது. தூக்கச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு தாகத்தை அடக்கி வெச்சிருக்கு.

இதுல வில்லன் யாரும் இல்லை. பாத்ரூம் கதவுன்னா ரெண்டரை அடின்னு ஊரே போடுது, எங்க இன்ஜினீயரும் போட்டார்.

சரி, உங்க வீட்டு பிளானை எடுங்க. ஓரத்துல ஒரு குட்டிக் கட்டம் இருக்கும். டி, டி-1, டி-2ன்னு கதவுகளோட அளவு. டி-2 பெரும்பாலும் பாத்ரூம். ரெண்டரை அடி, அதாவது 30 அங்குலம்னு போட்டிருக்கா? அது நிலையோட வெளி அளவு. ரெண்டு பக்கமும் மரம் சாப்பிட்டது போக, திறந்த கதவோட கனமும் போக, மிச்சம் 24 அங்குலம் இருந்தா அதிசயம். வீல்சேர் 25, 26 அங்குலம் வரும். 2021-ல மத்திய அரசு வெளியிட்ட, எல்லாரும் புழங்கக்கூடிய கட்டடங்களுக்கான வழிகாட்டு நெறிகள் கதவுல 900 மி.மீ. வழி விடச் சொல்லுது. அதாவது மூணடி. இப்ப பேப்பர்ல அழிச்சு எழுத ஒரு ரப்பர் போதும். பின்னாடின்னா நிலையைப் பேர்க்கணும், டைல்ஸை உடைக்கணும், வீடு பூரா சிமென்ட் தூசியில ஒரு மாசம் சமைக்கணும்.

இன்னொண்ணு, பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு பாருங்க. உள்பக்கம்னா, உள்ள ஒருத்தர் விழுந்து கிடந்தா அவரே கதவை அடைச்சுக்குவார். வெளிப்பக்கம் திறக்கட்டும். கைப்பிடிக் கம்பி இப்பவே மாட்ட வேணாம், ஆனா அது வரப்போற சுவரை நாலரை அங்குலத்துல எழுப்பாம ஒன்பது அங்குலமா எழுப்பிட்டா, என்னைக்கு வேணும்னாலும் போல்ட் அடிக்கலாம்.

அடுத்தது வாசப்படி. இதுதான் பெரிய தலைவலி. ரோட்டை வருஷா வருஷம் மேல மேல போட்டு உசத்துறாங்க, 2015 சென்னை வெள்ளத்தை எல்லாரும் டி.வி.யில பார்த்தாச்சு. அதனால, 'தளத்தை ரெண்டரை அடி தூக்கு மேஸ்திரி'ன்னு அப்பா சொல்வார். தப்பே இல்லை. ஆனா சரிவுப்பாதைக்கு ஒரு அடி உயரத்துக்குக் குறைஞ்சது 12 அடி நீளம் வேணும். ரெண்டரை அடிக்கு? 30 அடி! அரை கிரவுண்டு மனைல, வீட்டோட முகப்பே 30 அடிதான். அதனால பக்கவாட்டுல விடற காலி இடத்துல சரிவு போய், சைடுல ஒரு கதவு வழியா நுழையற மாதிரி யோசிக்கணும். அந்த இடம் காலியா இருக்கிறது பிளான்ல மட்டும்தான். மோட்டாரும் செப்டிக் டேங்க்கும் மாடிப்படியும் வந்து உட்கார்ந்துட்டா முடிஞ்சுது கதை.

கீழே பாத்ரூமோட ஒரு பெட்ரூம் கட்டாயம். இதுக்கு வாஸ்துவே நம்ம பக்கம் சேரும். வீட்டுத் தலைவருக்கு கன்னிமூலைன்னு அவங்களே சொல்றாங்க, அதைக் கீழேயே வெச்சுடுங்க! அந்த பாத்ரூமுக்குள்ள அஞ்சடி வட்டம் காலியா இருந்தா வீல்சேர் திரும்பும். மாடி கட்டியே தீருவோம்னா, கீழேயும் மேலேயும் ஒரே இடத்துல அஞ்சுக்கு அஞ்சு ஸ்டோர் ரூம் விடச் சொல்லுங்க. நாளைக்கு லிஃப்ட் வைக்கணும்னா அங்க தளத்தை வெட்டிக்கலாம், சுத்தி பீம் மட்டும் இப்பவே போட்டிருக்கணும்.

இதையெல்லாம் அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? 'உங்களுக்கு வயசானா...'ன்னு ஆரம்பிச்சீங்க, தொலைஞ்சீங்க. 'ஏண்டா, என்னைப் படுக்கையில தள்ளப் பார்க்கறியா?'ன்னு எகிறுவார். நான் கண்டுபிடிச்ச வழி, பழியை ஃப்ரிட்ஜ் மேல போடறது. 'பெரிய ஃப்ரிட்ஜ் உள்ள போகணும்ல, கதவு அகலமா இருக்கட்டும்பா.' சரிவுப்பாதைக்கு உங்க பைக். பைக்ல விழுந்து மாவுக்கட்டோட வந்த அனுபவம் இருந்தா, கீழ் பெட்ரூமுக்கு அதையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

என் சித்தப்பா பொண்ணு சிவில் மூணாம் வருஷம். அவங்க வீடு இப்பத்தான் பிளான்ல இருக்கு. அவ ஒரு வேலை பண்ணினா. மொட்டை மாடியில சாக்பீஸால கீழ் பெட்ரூம், பாத்ரூம் எல்லாத்தையும் அளவு மாறாம வரைஞ்சா. சக்கரம் வெச்ச கம்ப்யூட்டர் சேரை அதுக்குள்ள இறக்கி, சித்தியை உட்கார வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனா. சித்தப்பா தலையில அடிச்சுக்கிட்டே வேடிக்கை பார்த்தாராம். சித்தி பாத்ரூம் கோடு வரைக்கும் போய், கையை நீட்டிப் பார்த்துட்டுக் கேட்டாங்களாம்: "ஏண்டி, வாஷ்பேசினை எங்க வெச்சிருக்கே? கையே எட்டலையே."

பிளான் திரும்ப இன்ஜினீயர்கிட்ட போயிருக்கு.