எதிர்ப்பு என்னும் அரைச்சொல்

'நோயெதிர்ப்பு' என்ற சொல்லின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட நல்ல சொல்தான். ஆனால் அது பாதியைத்தான் சொல்கிறது. அந்தச் செல்கள் எதிர்ப்பதோடு நிற்பதில்லை; இடிந்ததைக் கட்டவும் செய்கின்றன. ஒரு சொல் பாதி சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் சாத்தூரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூச்சுக்குழாயின் உட்புறத்தை மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. தூசியைக் கோழையோடு சேர்த்து மேலே தள்ளும் குற்றிழைச் செல்கள், கோழை சுரக்கும் செல்கள், இவற்றுக்கு அடியில் தேவைப்படும்போது பெருகி மற்றவையாக மாறும் அடித்தளச் செல்கள் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கொதிக்கும் புகையோ கந்தகப் புகையோ இப்படலத்தை அரித்தால், முதலில் வந்து சேர்பவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள். கிருமிகளைக் கொல்லும் அவற்றின் வேதிப்பொருட்கள் அக்கம்பக்கத்துத் திசுவையும் பதம்பார்க்கின்றன. அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்குசெல்கள், மடிந்த நியூட்ரோஃபில்களை விழுங்குகின்றன. விழுங்கியபின் அவற்றின் குணமே மாறுகிறது. அழற்சியைத் தணித்து வளர்ச்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கத் தொடங்குகின்றன.

இவ்விரண்டு வேலைகளும் வெவ்வேறானவை என்பதற்கு 2015இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. இன்ஃப்ளுயென்ஸா தாக்கிய எலிகளில், ஒழுங்காற்று டி செல்கள் ஆம்ஃபிரெகுலின் என்ற புரதத்தைச் சுரக்க முடியாதபடி செய்தார்கள். வைரஸை எதிர்க்கும் திறன் குறையவில்லை. ஆனால் நுரையீரல் கடுமையாகச் சிதைந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது. எதிர்ப்பு இருந்தது, செப்பனிடல் இல்லை. அதுவே போதுமானதாயிற்று, உயிருக்கு ஆபத்து வர.

செப்பனிடலுக்கு வேண்டியது அவகாசம். படலம் மூடிக்கொண்டாலும் குற்றிழைகள் முளைத்து ஒழுங்காக அசைய மேலும் நாள் பிடிக்கும். அதற்குள் மீண்டும் மீண்டும் அடிபட்டால் அழற்சி ஓய்வதே இல்லை. குற்றிழைச் செல்கள் குறைந்து கோழைச் செல்கள் மிகுகின்றன; தழும்புத் திசு படிந்து குழாய் குறுகுகிறது. கட்ட வந்த கொத்தனார், ஓயாத இடிபாட்டில் குழம்பி வாசலையே அடைத்துவிடுவதைப் போல.

இனி சாத்தூருக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். இறந்தவர்களின் தொகையும், பிழைத்தவர்களின் தீக்காய விழுக்காடும் செய்தியாகின்றன. அந்த விழுக்காடு தோலின் பரப்பை மட்டுமே அளப்பது; மூச்சுக்குழாயின் தீப்புண் அதில் சேராது. கரகரத்த குரலையும் சளியில் தெரியும் கரியையும் கொண்டுதான் மருத்துவர் அதை முதலில் ஊகிக்கிறார். தோல் ஆறியதும் 'குணமாகிவிட்டது' என்கிறோம். உள்ளே கட்டுமானம் முடிந்ததா என்று யார் பார்க்கிறார்கள்?

விபத்தே காணாதவர்களின் நிலையும் உண்டு. கந்தகத்தூள், அலுமினியத்தூள், கரித்தூள் நடுவே, மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வேலை. நுண்தூளைத் துணி தடுக்காது. செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையில், இருமலுக்காக ஒருநாள் வீட்டிலிருந்தால் அன்றைய அடுப்புக்கு விடுப்பு.

மழை பொய்க்கும் கரிசலில் இத்தொழில்தான் சோறு போடுகிறது என்பதை மறுப்பவன் அல்லன் நான். ஆலைகளை மூடச் சொல்லவில்லை. விபத்தில் பிழைத்தவர்களுக்கு வீடு திரும்பியபின்னும் மூச்சுத்திறன் சோதனை தொடர வேண்டும். இழப்பீட்டுக் கணக்கில் நுரையீரலும் இடம்பெற வேண்டும். தூளில் வேலை செய்பவர்களுக்குத் தகுந்த சுவாசக் கவசமும், இருமல் விடாதபோது கூலியோடு ஓய்வும் கிடைக்க வேண்டும். ஓய்வு என்பது முதலாளி காட்டும் கருணையன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

உடலைப் போர்க்களமாகவே வருணித்துப் பழகிவிட்டோம். 'நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, தாங்கிக்கொள்வார்கள்' என்ற பேச்சு அந்த வருணனையின் பிள்ளை. தாங்குவது ஒன்று, தேறுவது வேறு. தேறுவதற்கு நாள் வேண்டும்; அந்த நாளைத் தொழிலாளி தன் கூலியிலிருந்து கொடுக்கும்படி விடுவது நியாயமாகாது.