புதுக் காரும் பழைய பல்லவியும்

உளுந்தூர்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே, எலவனாசூர்கோட்டை வழியாக இரவு பகலாய் ஓடும் வாடகைக் கார்களில் ஓட்டுகிறவருக்கே சொந்தமானவை பல உண்டு. சொந்தம் என்கிறோம், தவணை தீரும்வரை அது கடன் கொடுத்தவனுக்கல்லவா சொந்தம்! மனைவியின் நகை முன்பணமாகப் போயிருக்கும். மீதிக்கு மாதாமாதம் வட்டி.

அந்தப் புதுக் கார், மூன்றாம் மாதமே வெள்ளிமலை மேட்டில் திணறுகிறது, கிளட்ச் நழுவுகிறது. விற்றவரின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் என்ன பதில்? "ஓட்டிய முறை சரியில்லை." மறுமுறை போனால், "பாகம் வரவேண்டும்." மூன்றாம் முறை, "கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம்." கம்பெனியைக் கேட்டால், "விற்றவரைக் கேளுங்கள்!" கார் கொட்டகையில் நிற்கிறது. தவணை நிற்குமா, தோழர்களே?

போதாக்குறைக்கு ஒரு மிரட்டல்: "வாடகைக்கு ஓட்டுகிற நீ வியாபாரி. நுகர்வோர் சட்டம் உனக்குக் கிடையாது."

இது பச்சைப் பொய். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் விற்ற எந்திரம் பற்றிய வழக்கில் 1995-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்திரம் வாங்கிய தொழிற்கூடத்தார் நுகர்வோர் அல்ல என்று தோற்றார்கள். ஆனால் அதே தீர்ப்பு, பிழைப்புக்காக வண்டி வாங்கித் தானே வாடகைக்கு ஓட்டுபவர் நுகர்வோரே என்று தெளிவாகச் சொன்னது. 2019-ம் ஆண்டுச் சட்டமும் சுயதொழிலால் வயிறு வளர்ப்பவரை விலக்கவில்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கார் வாங்கிய ஊருக்கு அலையவேண்டாம். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்குக் கட்டணம் 200 ரூபாய். இரண்டாண்டு கெடு மட்டும் தவறக்கூடாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மாருதி கார் வழக்கொன்றில் 2006-ல் உச்சநீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தரும் பொறுப்பே, முழுக் காரையும் மாற்றித் தரும் பொறுப்பல்ல என்றது. ஆகவே "வேறு கார் கொடு" என்று எடுத்தவுடன் குதிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு முறையும் குறையை ஜாப் கார்டில் நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். தேதியோடு நகல் வாங்காமல் ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டாதீர்கள். நாளை வழக்கில் பேசப்போவது அந்தத் தாள்தான்.

அப்படியும் ஏழை இடறுகிற இடம் ஒன்றுண்டு. குறை தயாரிப்பிலா, ஓட்டியதிலா என்று சோதிக்க வேண்டுமாம். சோதனைக் கட்டணத்தை முறையிட்டவரே முதலில் கட்டும்படி ஆணையம் கேட்கலாமாம்! வண்டி நின்று வருமானமற்றவர் எங்கே போவார்? அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளிலே கைதேர்ந்த மெக்கானிக்குகள் இல்லையா? அரசு பாலிடெக்னிக்குகள் இல்லையா? சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவரின் வண்டியை அங்கே இலவசமாகச் சோதித்துச் சான்று தர மாநில அரசு உத்தரவிட வேண்டும். பழுது நிரூபணமானால், வண்டி நின்ற நாட்களின் தவணையைக் கம்பெனியும் விற்றவரும் சுமக்கட்டும். இந்தக் கோரிக்கையைக் கார் ஸ்டாண்டுத் தோழர்கள் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.