பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் முட்டையை உடையுங்கள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டை சாப்பிடாதவர்களைத் திட்டுகிற பதிவு இல்லை இது. அவர்கள் பக்கம் நின்றுதான் எழுதுகிறேன்.

பிழைப்புக்காக அகமதாபாத்தில் குப்பை கொட்டுகிறேன். முட்டை இல்லாத கேக் இங்கே தடுக்கி விழுந்தால் கிடைக்கும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஓவன் வாங்கியவர்கள் வீட்டில் அடிக்கிற கூத்துதான் தாங்கவில்லை. ஜப்பானின் காஸ்டெல்லா, முட்டை இல்லாமல்! ஸ்பெயினின் சாண்டியாகோ கேக், அதுவும் முட்டை இல்லாமல்! செய்முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முட்டையை எடு, கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்று, சோடா உப்பைப் போடு, நாட்டின் பெயரை மட்டும் மாற்று.

நான் பி.காம். ஆசாமி. சமையல் பட்டமெல்லாம் கிடையாது. ஆனால் கையெழுத்து ஒத்துப்போகாத காசோலைக்கு, பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்று யார் கெஞ்சினாலும் பணம் தரமாட்டேன். கேக்குக்கும் கையெழுத்து உண்டு.

காஸ்டெல்லாவையே எடுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் நாகசாகிக்குக் கொண்டுபோனது. முட்டை, சர்க்கரை, மாவு, கொஞ்சம் மாவுச்சத்துப் பாகு. அவ்வளவுதான். பழைய முறையில் வெண்ணெயும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. அடித்த முட்டை பிடித்துவைக்கிற காற்றில்தான் அது எழும்புகிறது. முட்டையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? சர்க்கரை போட்ட மாவு.

சாண்டியாகோ கேக் வட மேற்கு ஸ்பெயினின் கலீசியாவைச் சேர்ந்தது. பாதாம், முட்டை, சர்க்கரை மூன்றும் சரிக்குச் சரி நிற்கும். கோதுமை மாவே கிடையாது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. குறைந்தது 33 சதவீதம் பாதாம் இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஆட்கள் மைதாவில் பாதாம் எசென்ஸ் நாலு சொட்டு விட்டு அதே பெயரை வைக்கிறார்கள்.

இதில் நஷ்டம் யாருக்கு? முட்டை சாப்பிடாதவருக்குத்தான். அவர் தட்டில் எப்போதும் நகல்தான் விழுகிறது. அசல் இப்படித்தான் போலிருக்கிறது என்று பாவம் அவரும் நம்பிவிடுகிறார்.

இத்தனைக்கும் முட்டை கேட்காத பாரம்பரிய கேக்குகள் உலகத்தில் உண்டு. எகிப்தின் பஸ்பூசாவைப் பாருங்கள். ரவை, நெய், தயிர், சர்க்கரைப் பாகு! நம் வீட்டு அலமாரியைப் பார்த்து எழுதியது மாதிரி இருக்கிறதா? பெரிய ரவை 2 கப், சர்க்கரை 1 கப், தயிர் 1 கப், உருக்கிய நெய் முக்கால் கப், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். கலந்து தட்டில் பரப்பி, துண்டு போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பாதாம் வைத்து, 180 டிகிரியில் அரை மணி நேரம் பொன்னிறமாகும்வரை விடுங்கள். சூட்டோடு பாகை ஊற்றுங்கள். இது நகலே இல்லை, முழு அசல். அமெரிக்காவில் முட்டை, பால், வெண்ணெய் தட்டுப்பாடான காலத்தில் புழங்கிய கோகோ கேக்கும் அப்படித்தான். சோடா உப்பும் வினிகரும் சேர்ந்து பொங்குகிற வாயுதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது.

"சமையல் மாறிக்கொண்டேதானே இருக்கும் சார்?" என்பார்கள். மாறட்டும், தாராளமாக! போர்த்துகீசிய வாடை அடிக்கிற பெபிங்காவில் கோவாக்காரர்கள் தேங்காய்ப்பாலை ஊற்றினார்கள். அதற்கு லிஸ்பன் கேக் என்றா பெயர் வைத்தார்கள்? தங்கள் பொருளுக்குத் தங்கள் பெயர். அது கம்பீரம்.

புளியே காட்டாமல், சர்க்கரை தூக்கலாகப் போட்ட ஒரு திரவத்தை இங்கே 'மதராசி சாம்பார்' என்று நீட்டும்போது நமக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது? நாகசாகிக்காரருக்கும் நாக்கு இருக்கிறது ஐயா.

ஆகவே மகாஜனங்களே, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஒழுங்காக உடைத்து அடியுங்கள். மாட்டீர்கள் என்றால் பஸ்பூசா செய்யுங்கள். இரண்டும் முடியாது, கண்டென்ஸ்டு மில்க்தான் ஊற்றுவேன் என்றால் ஊற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தெருப் பெயரை அதற்கு வையுங்கள். நானே வந்து இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறேன் :-)