கப்பலின் முதுகில் ஓர் அறை

சுற்றுலாக் கப்பலில் எந்த அறையைத் தேர்வது என்பது இலக்கிய வாசகர்கள் விவாதிக்கத்தக்க பொருள்தானா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். விவாதிக்கத்தக்கதே என்பது நம் கருத்து. எங்கே அமர்ந்து பார்த்தோம் என்பது எதை எழுதினோம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. தமிழில் அண்மைக் காலமாக வந்துகொண்டிருக்கும் கப்பல் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கப்பலில் எத்தனை தளங்கள், எத்தனை உணவகங்கள், இரவில் என்ன ஆட்டம் பாட்டம் என்றொரு பட்டியல் வரும். பிறகு, கப்பலின் முகப்பாகிய அணியத்தை ஒட்டி நின்று, 1997இல் வந்த ‘டைட்டானிக்’ திரைப்படத்தின் நாயகியைப் போலக் கைகளை விரித்து எடுத்துக்கொண்ட புகைப்படம் வரும். கடல் எங்கே என்று தேடினால், அது முன்னே விரிந்து கிடந்தது என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைப்பதில்லை.

இந்த விவாதம் எழக் காரணமானவர் நம் நண்பர் வட்டத்தைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற ஒருவர். அமெரிக்காவில் பிள்ளைகள் வாழும் பெற்றோர் பலரைப் போல அவரும் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பலில் செல்லவிருக்கிறார். கப்பலின் நேர் பின்புறத்தில், பின்னோக்கிய பால்கனியுடன் கூடிய அறையை மகன் காட்டியிருக்கிறார். எடுக்கலாமா என்று கேட்டவருக்கு மூன்று விதமான விடைகள் வந்தன. அதிர்வும் புகையும் இருக்கும், வேண்டாம் என்றார் ஒருவர். மாலைச் சூரியனைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை, உடனே எடுத்துவிடுங்கள் என்றார் இன்னொருவர். இத்தகைய கப்பலில் கால் வைப்பதே கடலுக்குச் செய்யும் துரோகம் என்றார் மூன்றாமவர். மூவரும் ஓரளவு உண்மையே பேசினார்கள். ஆனால் அந்த அறையை எடுக்க வேண்டியதற்கான உண்மையான காரணத்தை மூவருமே தொடவில்லை.

முதலில் நடைமுறையைப் பேசிவிடுவோம். கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது அசைவு மிகுதியாக இருப்பது இரு முனைகளிலும்தான். நடுப்பகுதியில் மிகக் குறைவு. எனவே, தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் அஞ்சுபவர்கள் நடுக்கப்பலைத் தேடுவது நியாயமே. சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்களில் பல, வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பெருங்கடலில் செல்பவை என்பதையும் கருத வேண்டும். பின்புறத்தில் இயந்திர அதிர்வு தெரியும். துறைமுகத்தில் கப்பல் திரும்பும்போது கூடுதலாகத் தெரியும். மின்மோட்டாரைத் தன்னுள்ளேயே கொண்டு எத்திசையிலும் திரும்பும் ‘அசிபாட்’ என்ற உந்துகலம் 1998இல் ‘எலேஷன்’ என்ற கப்பலின் வழியாகச் சுற்றுலாக் கப்பல்களுக்கு வந்தது. அதைப் பொருத்திய கப்பல்களில் இந்தத் தொல்லை குறைவு. சில நாள்களில் புகைபோக்கியின் கரித்துகள் பால்கனி நாற்காலியில் படியலாம். நாடக அரங்கு பெரும்பாலும் முன்புறத்தில் இருப்பதால் நீண்ட தாழ்வாரத்தை நடந்து கடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நன்மைகளும் உண்டு. கப்பலின் உடலே முன்காற்றைத் தடுத்துவிடுவதால், ஓடும் கப்பலிலும் பின்பால்கனியில் அமைதியாக அமர முடியும். பக்கவாட்டு அறைக்கு ஒரு கரை மட்டுமே தெரியும். பின்னறைக்கு இரு கரைகளும் தெரியும். அலாஸ்காவின் குறுகிய நீர்வழிகளில் இது சிறிய வசதியன்று. சில கப்பல்களில் பின்புறம் படிக்கட்டுப் போலச் சரிந்திருக்கும். அங்கே கீழ்த்தளத்து பால்கனிகள் அகலமானவை. ஆனால் மேலிருப்பவர்களின் பார்வைக்குத் திறந்து கிடப்பவை. நேர் மேலே திறந்தவெளி உணவகம் இருந்தால் விடிகாலையிலேயே நாற்காலி இழுபடும் ஓசை தொடங்கிவிடும். இவற்றையெல்லாம் தள வரைபடத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

பால்கனி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006 மார்ச் 23 அன்று, ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்கப்படாத சிகரெட் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை கருதியது. பால்கனித் தடுப்புகளும் நாற்காலிகளும் எரியக்கூடிய பிளாஸ்டிக் வகைகளால் ஆனவை என்பதால் தீ தளம் தளமாகத் தாவியது. புகையில் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகே பால்கனிகளுக்கான பன்னாட்டுத் தீப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. விளம்பரக் கையேடு காட்டும் அந்தச் சிறு மாடத்துக்குப் பின்னால் இப்படியொரு வரலாறு இருக்கிறது.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகும், உடல்நிலை இடம் கொடுத்தால் பின்னறையையே எடுங்கள் என்று சொல்கிறோம். மாலைச் சூரியனுக்காக அன்று. சூரியன் எந்தப் பக்கம் விழும் என்பது கப்பல் செல்லும் திசையைப் பொறுத்தது. வடக்கு நோக்கிச் செல்லும் கப்பலின் பின்னறைக்காரர் தெற்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் சொல்லும் காரணம் வேறு. கப்பல் தான் கடந்து வந்த இடத்தில் எதை விட்டுச் செல்கிறது என்பதை நோக்கித் திரும்பியிருக்கும் பயணியர் அறைகள் இவை மட்டுமே. முன்புறத்தில் இருப்பவருக்குக் கடல் எப்போதும் தீண்டப்படாததாகவே தெரியும். அவருடைய கப்பல் அதைத் தீண்டுவதற்கு முந்தைய கணத்தை மட்டுமே அவர் பார்க்கிறார். தீண்டிய பிறகு என்ன ஆயிற்று என்பது பின்னறைக்காரரின் பார்வைக்கு வருகிறது.

அங்கே முதலில் தெரிவது தடம். நீரில் செல்லும் பொருள் விட்டுச் செல்லும் அலைத்தடம் ஏறத்தாழ 39 பாகைக் கோணத்தில் விரியும் என்று கெல்வின் பிரபு 1887இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆழ்நீரில் நீந்தும் வாத்துக்கும் நாலாயிரம் பேரைச் சுமக்கும் கப்பலுக்கும் பெரும்பாலும் அதே கோணம்தான். வாத்து கடலில் விடாத சில பொருள்களைக் கப்பல் விடுகிறது என்பதே வேறுபாடு. கப்பல் மாசு குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் பொதுவிதிப்படி, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், குறைந்தது 4 நாட் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும் கப்பல் சுத்திகரிக்கப்படாத மலக்கழிவைக்கூடச் சிறுகச் சிறுகக் கடலில் விடலாம். வேக நிபந்தனை ஏன்? ஓடும் கப்பலின் கொந்தளிப்பு அதைக் கலக்கிக் கரைத்துவிடும் என்பதால்தான். பயணக் கட்டுரைகளில் வெண்பட்டு விரித்தாற்போல என்று வருணிக்கப்படும் அந்த நுரைத்தடத்துக்குச் சட்டம் இப்படியொரு பணியையும் ஒதுக்கியிருக்கிறது. குளியலறை, சமையலறை, சலவைக்கூடத்துக் கழிவுநீர் அந்த உடன்படிக்கையில் அடங்கவே இல்லை. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி வந்தது. ஆனால், புகையைக் கடல்நீரால் கழுவும் கருவியைப் பொருத்திக்கொண்டால் பழைய கடின எண்ணெயையே எரிக்கலாம் என்ற விலக்கும் உண்டு. அக்கருவிகளில் பெரும்பான்மை, கழுவிய அமில நீரைக் கடலுக்கே திருப்பிவிடும் வகையைச் சேர்ந்தவை. வானத்துக்குப் போக வேண்டியது தண்ணீருக்குப் போகிறது. புகைபோக்கி மட்டும் தூய்மையாகத் தெரிகிறது.

அலாஸ்காவில் விதிகள் இதைவிடக் கடுமையானவை. அந்தக் கடுமை தானாக வந்ததன்று. 1999இல் ராயல் கரீபியன் நிறுவனம் எண்ணெய்க் கழிவையும் வேதிக் கழிவையும் கடலில் கொட்டியதாக 21 குற்றங்களை ஒப்புக்கொண்டு 1 கோடியே 80 லட்சம் டாலர் அபராதம் ஏற்றது. அவற்றுள் அலாஸ்காவின் உள்நீர்வழியில் கொட்டியதும் அடங்கும். அதன் பிறகே அமெரிக்க நாடாளுமன்றமும் அம்மாநிலச் சட்டமன்றமும் விழித்துக்கொண்டன. 2006இல் அம்மாநில மக்கள் நேரடி வாக்கெடுப்பின் மூலம் கப்பல்களுக்கு வரியும் கண்காணிப்பும் கொண்டுவந்தனர்.

இங்கே நம் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஒன்றை நாமே முன்வைக்கிறோம். ‘கரீபியன் பிரின்சஸ்’ கப்பலில் 2005 முதல் சட்டவிரோதமான குழாய் ஒன்றின் வழியே எண்ணெய்க் கழிவு கடலில் விடப்பட்டு வந்தது. 2013 ஆகஸ்டில் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் அவ்வாறு கொட்டப்பட்டபோது, புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் அதைக் கண்டு அதிகாரிகளிடம் தெரிவித்தார். வேலையையும் விட்டுவிட்டார். 2016இல் பிரின்சஸ் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் அக்கப்பலின் பின்பால்கனிகளில் எத்தனையோ ஆயிரம் பேர் அமர்ந்து தேநீர் அருந்தியிருப்பார்கள். அதை வெளிக்கொணர்ந்தவர் அவர்களுள் ஒருவரும் அல்லர். அப்படியானால் பின்னறையில் அமர்ந்து என்ன பயன் என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. பார்ப்பதனால் மட்டும் கடல் தூய்மையடையாது. குழாயைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. ஆனால் கேட்பதற்கான தேவை பார்வையிலிருந்தே பிறக்கிறது. கப்பலின் முகப்பில் நிற்பவருக்குக் கேட்க எதுவும் தோன்றுவதில்லை. ஏழு நாள் தடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சில கேள்விகள் தோன்றியே தீரும். இக்கப்பல் எந்த எண்ணெயை எரிக்கிறது? கழுவிய நீர் எங்கே போகிறது? ஜூனோவில் 2001ஆம் ஆண்டிலேயே, உலகில் முதன்முறையாக, சுற்றுலாக் கப்பல்களுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கத் தொடங்கினார்களே, இக்கப்பல் அதைப் பெற்றுக்கொள்ளும் வசதி உடையதா? பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் கேட்கும் கேள்விக்கு ஓர் எடை உண்டு. எத்தனை மதுக்கூடங்கள் என்று கேட்கும் அதே மின்னஞ்சலில் இதையும் கேட்கலாம்.

பின்பால்கனிக்குக் கீழே, பல கப்பல்களில், கயிறு கட்டும் தளம் இருக்கிறது. துறைமுகத்தை அடையும்போது எட்டிப் பார்த்தால், பருத்த வடங்களை இழுத்துக் கட்டும் மனிதர்களைக் காணலாம். அவர்களுள் பிலிப்பினோக்கள், இந்தோனேசியர்கள் இருப்பார்கள். நம் நாட்டவரும் இருப்பார்கள். கப்பல் தொழிலாளருக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்தது. அது அனுமதிக்கும் உச்ச வேலைநேரம் ஒரு நாளில் 14 மணி, ஒரு வாரத்தில் 72 மணி. இது பாதுகாப்புக்காகப் போட்ட எல்லை என்பதை நினைவில் கொள்க. அவர்களில் பெரும்பாலோர் உறங்குவது நீர்மட்டத்தை ஒட்டிய, பால்கனி இல்லாத சிற்றறைகளில். கப்பலின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஊரின் பெயரையும் கரையில் இறங்கும்போது படித்துப் பாருங்கள். கப்பல் எந்நாட்டில் பதிவானதோ அந்நாட்டின் துறைமுகம் அது. பஹாமாஸின் நசாவாகவோ, பனாமாவாகவோ, பெர்முடாவின் ஹாமில்டனாகவோ இருக்கும். அமெரிக்கக் கரையிலிருந்து அமெரிக்கக் கரைக்கு அமெரிக்கர்களை ஏற்றிச் செல்லும் கப்பல் அமெரிக்காவில் பதிவாகாததன் காரணங்களில் தொழிலாளர் சட்டமும் வரியும் முதன்மையானவை.

பின்னறைக்குத் தெரியும் இன்னொரு காட்சி, விட்டுப் பிரியும் ஊர். முகப்பிலிருந்து பார்ப்பவருக்கு ஜூனோ என்பது வந்துசேரும் இடம் மட்டுமே. ஏறத்தாழ 32,000 பேர் வாழும் அந்நகருக்கு 2023இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்தனர். நாளொன்றுக்கு ஐந்து பெருங்கப்பல்களுக்கு மேல் வரக் கூடாது என்ற உடன்பாடு 2024இல் நடைமுறைக்கு வந்தது. சனிக்கிழமைகளில் மட்டுமாவது கப்பலே வேண்டாம் என்ற முன்மொழிவை அதே ஆண்டு மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். அந்தக் கப்பல்களால் பிழைப்பவர்களும் அவ்வூர்க்காரர்களே. மாலையில் கப்பல் விலகும்போது, அன்று வந்த கூட்டத்தை வடித்துவிட்டுக் களைத்து நிற்கும் அந்தச் சிறு நகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே இந்த இரண்டு முடிவுகளும் ஒரே ஊரின் முடிவுகளாக விளங்கக்கூடும்.

இனி, போகாமலிருப்பதே அறம் என்ற மூன்றாமவருக்கு. அந்த முடிவை மதிக்கிறோம். அவ்வாறு இருப்பவர்களை வணங்குகிறோம். ஆனால் அந்த அறம் துறைமுக வாசலோடு நின்றுவிடுகிறது, கப்பல் நிற்பதில்லை. வெனிஸில் 2019 ஜூன் 2 அன்று ‘எம்எஸ்சி ஓபரா’ என்ற கப்பல் கட்டுப்பாடிழந்து கரையிலும் ஒரு சுற்றுலாப் படகிலும் மோதியது. 2021 ஆகஸ்ட் முதல் பெருங்கப்பல்கள் ஜுதெக்கா கால்வாயில் நுழையத் தடை வந்தது. அந்தத் தடையை வென்றெடுத்தது தினந்தோறும் தங்கள் சன்னல்களிலிருந்து அக்கப்பல்களைப் பார்த்துச் சலித்த மக்கள் பல ஆண்டுகள் நடத்திய போராட்டம். பார்த்தவர்கள் பேசினார்கள். கப்பலுக்குள்ளிருந்து பார்த்தவர்களும் பேசத் தொடங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இறுதியாக, பயண எழுத்தாளர்களுக்கு. ஏழு நாள் கடலில் இருந்துவிட்டு உணவுப் பட்டியலோடு திரும்பி வருவதை இலக்கியம் என்று இனியும் எங்களிடம் கொடுக்காதீர்கள். அடுத்த முறை கப்பலேறும்போது அறை எண்ணைத் தேர்வதற்கு முன் தள வரைபடத்தின் கடைசி முனையைப் பாருங்கள். அங்கே அமர்ந்து, கப்பல் கடந்து போன தண்ணீரைப் பற்றி நான்கு பக்கங்கள் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறோம்.