மூடிய ஏட்டைத் திறப்பவர் யார்?

நம்மவர் வீடுகளில் அடி என்பது இரண்டு வகைப்படும். மேலிருந்து கீழே விழும் அடிக்குக் கண்டிப்பு என்று பெயர். கீழிருந்து மேலே எழும் அடிக்குக் குற்றம் என்று பெயர். தகப்பன் பத்தாண்டுக் காலம் மகனை ரோத்தானால் விளாசியதற்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி இராது. அதே மகன் தன் 15 ஆவது வயதில் ஒரு நாள் திரும்பிக் கை ஓங்கினால், அன்றே வாசலில் போலீஸ் வண்டி நிற்கும். அன்று எழுதப்பட்ட வரியை அவனுடைய 30 ஆவது வயதிலும் யாரேனும் ஒருவர் அவன் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டுவார். இந்த அநியாயத்தைக் குறித்தே இவ்வாரம் எழுத முன்வந்தோம்.

இது நமது கற்பனையன்று. சிங்கப்பூரில் 1961 ஆம் ஆண்டில் மாதர் சாசனம் இயற்றப்பட்டது. இத்தீவின் பெண்களுக்கு அது செய்த நன்மை பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் குடும்ப வன்முறை இன்னது என்று 1996 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விளக்கம் சேர்த்தபோது, 21 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருத்தும் பொருட்டுச் சட்டத்துக்கு உட்பட்டுப் பிரயோகிக்கும் பலம் வன்முறையில் சேராது என்று ஒரு விலக்கையும் எழுதிவைத்தார்கள். எது திருத்தம், எது துன்புறுத்தல் என்று வீட்டுக்குள் புகுந்து அளப்பவர் யார்? அளவுகோலும் பிரம்பும் ஒரே கையில் அல்லவா இருக்கின்றன! தோட்டத்து லயத்தில் கள் வெறியில் விழுந்த அடியையும், அடுக்குமாடி வீட்டில் பரீட்சை மார்க்குக்காக விழுந்த அடியையும், 'பிள்ளையின் நன்மைக்காக' என்ற ஒரே போர்வையால் மூடிவிடுகிறோம்.

நிற்க. தாயை அடிக்கும் மகனுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. அடி யார் கொடுத்தாலும் அடியே. அடிபட்டவருக்குப் பாதுகாப்பு உடனே கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அதற்குச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. தனிநபர் பாதுகாப்பு ஆணை என்பது அதுவே. அவ்வாணை பிறந்த மாத்திரத்தில் எவரும் குற்றவாளியாகிவிடுவதில்லை. அதை மீறுவதே குற்றம். ஆலோசனைக்குச் செல்லும்படி நீதிமன்றம் கட்டளையிடவும் முடியும். 2023 இல் நிறைவேறி 2025 ஜனவரி 2 ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், மனத்தை வதைப்பதும் வன்முறையே என்று தெளிவாக்கியதோடு, தாமே விண்ணப்பம் செய்துகொள்வதற்கான வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்தது. இவையெல்லாம் கேடயங்கள். கேடயத்தை நாம் எதிர்க்கவில்லை. அடி நின்ற பின்பும், ஆணை முடிந்த பின்பும், பிள்ளை மீசை நரைக்கும் வரை அவன் நெற்றியில் வைத்துக்கொண்டே இருக்கிறோமே, அந்தச் சூட்டுக்கோலைத்தான் எதிர்க்கிறோம்.

சூட்டுக்கோலைப் பிடித்திருப்பது சர்க்கார் என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் சிறார்க்கென்று தனிச் சட்டம் 1949 இல் இயற்றப்பட்டது. 1993 இல் அது புதுப்பிக்கப்பட்டது. சிறார் நீதிமன்றம் என்ற பெயரும் 2011 இல் இளையர் நீதிமன்றம் என்று மாறியது. அம்மன்றத்தில் நிற்கும் பிள்ளையைக் குறித்துக் 'குற்றத் தீர்ப்பு' என்ற சொல்லையும் 'தண்டனை' என்ற சொல்லையும் வழங்கக் கூடாது என்பது சட்டம். 1933 ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்திலேயே இடம்பெற்ற விதி இது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தத் தடையை அவனுக்கு 18 வயது நிறைந்த பின்பும் நீடிக்கச் செய்தது. சொல்லைக்கூட எண்ணிப் பார்த்து வழங்கும் ஒரு சட்டம், ஏட்டை மூடிவைக்கவே விரும்புகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அப்படியானால் மூடிய ஏட்டைத் திறப்பவர் யார்? நாம்தான் திறக்கிறோம். சிராங்கூன் சாலையில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் குடும்பத்தின் விசாரணையைக் கவனித்துப் பாருங்கள். பையன் என்ன படித்தான், என்ன சம்பளம், என்ன சாதி (ஆம், இன்னும் அதைக் கேட்கிறார்கள்!) என்றெல்லாம் விசாரித்த பிறகு, "சின்ன வயதில் ஏதோ போலீஸ் கேஸாமே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். தேக்கா சந்தையில் மீன் வாங்க வந்த உறவுக்காரி ஒருத்தி அதற்கு விடை வைத்திருப்பாள். ஆனால் பையனுடைய தகப்பனார் தம் மனைவியைக் கை நீட்டி அடிப்பதுண்டா என்று எந்தச் சம்பந்தியாவது விசாரித்ததுண்டா? அதை விசாரித்தால் பாதிக் கல்யாணங்கள் நின்றுபோகும் என்ற பயமோ என்னவோ!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாதொரு குற்றமும் செய்யாத பிள்ளையைப் 'பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர்' என்று பெற்றவர்களே நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது. 2020 இல் அந்தப் பெயர் நீங்கி, பெற்றோரும் சேர்ந்து வழிக்கு வர வேண்டும் என்ற கருத்தில், குடும்ப வழிகாட்டு ஆணை வந்தது. சட்டப் புத்தகத்தில் பெயர் மாறிவிட்டது. நம்மவர் நாவில் அவன் இன்னும் 'ஹோமில் இருந்த பையன்'தான்.

ஏட்டில் எழுதி ஒருவனை ஆயுள் முழுதும் துரத்துவது என்ன என்பதைத் தமிழர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 1911 முதல் சென்னை மாகாணத்தில் நடந்த குற்றப்பரம்பரைச் சட்டம், பிறந்த குலத்தையே குற்றமாக்கி ஊரூராகக் கைரேகை வாங்கியது. அதை மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 ஆம் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. அந்தச் சட்டம் மாகாணத்தில் ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இலங்கைத் தோட்டங்களிலோ 'துண்டு' என்ற ஒரு காகிதம் இருந்தது. கடன் தீர்ந்ததற்கு அத்தாட்சியான அத்துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அது 1921 இல் ஒழிந்தது. இவற்றின் கொடுமையைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள், இன்று ஒரு 15 வயதுப் பையனின் துண்டை வாய்மொழியாகக் கொண்டுபோய் வீடு வீடாகக் காட்டுகிறார்கள்.

இதனால் கெடுவது பையன் மட்டும் என்று எண்ணுவோர் பெரிதும் ஏமாறுகிறார்கள். முதலில் கெடுபவள் அடிபடும் தாயே. மகன் நாற்காலியைத் தூக்கி எறிகிறான். தங்கை அறைக்குள் தாழிட்டுக்கொள்கிறாள். தாய் தொலைபேசியைக் கையில் எடுக்கிறாள். எடுத்த கையைப் பக்கத்து வீட்டார் பிடித்துக்கொள்கிறார்கள். "போலீசுக்குச் சொல்லாதே அம்மா, அவன் வாழ்வே போய்விடும், நாளைக்கு வேலை கிடைக்காது, பெண் கிடைக்காது" என்கிறார்கள். அவள் போனைக் கீழே வைத்துவிடுகிறாள். அடுத்த வாரமும் அடி வாங்குகிறாள். ஏடு நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று வாதிக்கும் கண்டிப்புக்காரர்களை நாம் கேட்கிறோம்: உங்கள் நீண்ட ஏடு அந்தத் தாயை எந்த இரவில் காப்பாற்றியது? ஏடு நீள நீள அவள் வாய் அடைபடுகிறது. பயமின்றி அவள் உதவி கேட்க வேண்டுமானால், கேட்டதன் பலன் மகனுக்கு ஆயுள் தண்டனையாகாது என்ற உறுதி அவளுக்கு வேண்டும்.

சட்டத்தில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இளையர் நீதிமன்றத்தின் வயதெல்லையைத் தாண்டியவனுக்குக் குற்றவாளிகள் பதிவுச் சட்டம் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மூன்று மாதச் சிறைக்கோ 2,000 வெள்ளி அபராதத்துக்கோ மேற்படாத தண்டனை பெற்றவன், ஐந்தாண்டுகள் குற்றமின்றி இருந்தால் அவனது பதிவு காலாவதியாகும். பிறகு, சில விலக்குகள் நீங்கலாக, தனக்குப் பதிவு இல்லை என்றே அவன் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு தீர்ப்புக்கு மேல் இருந்தால் இந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. வீட்டுச் சண்டை ஒரு முறையோடு நிற்கும் சரக்கா? அதே வீடு, அதே தகப்பன், அதே குடி இருக்கும்போது, இரண்டாவது வரியும் எழுதப்படுவது எளிது. கடையில் இரண்டு முறை திருடியவனையும், அதே கூரையின் கீழ் இரண்டு முறை வெறிகொண்டவனையும் ஒரே தராசில் நிறுப்பது சரியன்று. சர்க்கார் இதை ஆராய வேண்டும்.

போலீசார் கொடுக்கும் எச்சரிக்கையைப் பற்றியும் நம்மவர்க்கு வீண் பீதி உண்டு. அத்தகைய எச்சரிக்கை குற்றத் தீர்ப்பு ஆகாது, எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று சிங்கப்பூர் உயர்நீதிமன்றம் 2015 இல் தெளிவாகக் கூறிவிட்டது. 2017 இல் பொதுச் சேவைத்துறை தனது முதல் விண்ணப்பத் தாளிலிருந்து குற்றப் பதிவு பற்றிய கேள்வியையே எடுத்துவிட்டது. சர்க்காரே முதல் வாசலில் கேட்காத கேள்வியை, கணக்கு எழுத ஓர் ஆளும் பெட்டி தூக்க ஓர் ஆளும் வைத்திருக்கும் நமது முதலாளிகள் கேட்கிறார்கள்! பிரிட்டனில் 2019 இல் உச்சநீதிமன்றம், சிறுவயதில் பெற்ற போலீஸ் எச்சரிக்கைகளைத் தானாகவே வெளியிடுவது நியாயமன்று என்று தீர்த்தது. 2020 நவம்பர் முதல் அவ்வழக்கம் நின்றது. இந்தியாவில் 2015 ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, கொடிய குற்றங்களில் பெரியவராக விசாரிக்கப்பட்ட சிலர் தவிர மற்றவர்களின் ஏடுகளை, மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் அழித்துவிடவே சொல்கிறது. 18 வயது நிறையுமுன் நடந்ததைக் காட்டிக் காவற்படை வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு, அது தடையாகாது என்று 2019 இல் டில்லி உச்சநீதிமன்றம் நீதி வழங்கியது.

இவ்வளவும் நம் தாய்மார்களுக்கு யார் சொன்னார்கள்? வன்முறைக்கு ஆளானோர் இரவு பகல் எந்நேரமும் அழைக்க 1800-777-0000 என்ற எண் 2021 முதல் இருக்கிறது. கோயில் மண்டபங்களிலும், சங்கக் கட்டடங்களிலும், தேக்கா சந்தை வாயிலிலும் அந்த எண்ணைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். அதன் கீழே, பாதுகாப்பு ஆணை குற்றத் தீர்ப்பு அன்று, இளையர் நீதிமன்றத்தில் நின்ற பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வராது, எச்சரிக்கை தண்டனையாகாது என்ற மூன்று வரிகளையும் சேர்க்க வேண்டும். செலவுக்கு அஞ்சும் சங்கத்தார், ஒரு கல்யாணத்தின் மணவறைச் சோடனைக்கு ஆகும் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அச்சகத்தாரிடம் விலை கேட்கட்டும்.