‘ஏழைகள்’ என்ற சொல்லுக்குள் மறையும் சாதி

திருச்சபை அறிக்கைகளில் ‘ஏழைகள்’, ‘கைவிடப்பட்டோர்’, ‘விளிம்புநிலை மக்கள்’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முனைவர் பட்ட ஆய்வுக்காக அவற்றைப் படித்துவரும் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஏழைக்குச் சாதி இல்லையா?

பள்ளி வாசல் மறுக்கப்பட்டவர்களுக்குக் கல்வி தந்ததில் மிஷனரிகளுக்கு இருந்த பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வறுமை ஒருவரை விட்டு நீங்கினாலும் சாதி கல்லறை வரை கூடவே வருகிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களைப் பிரித்து எழுப்பிய சுவர், யார் ஏழை, யார் பணக்காரர் என்று பார்த்துக் கட்டப்பட்டதல்ல. அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று போராடினார்கள். 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகளைத் தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் இசுலாமியர்களும் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை, இந்து ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 1985இல் அவ்வழக்கு தள்ளுபடியானது. மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை கிறித்தவத்துக்குள் அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம்.

அந்தச் சான்று யாரிடம் இருக்கிறது? மறைமாவட்டங்களிடமே இருக்கிறது. எந்தக் கல்லறை யாருக்கு, திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் வராது, குருமடத்திலும் கல்லூரிப் பணியிடங்களிலும் தலித்துகள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

‘உள்வீட்டுச் சிக்கலை வெளியே சொன்னால் இந்துத்துவவாதிகள் பயன்படுத்திக்கொள்வார்கள்’ என்று சிலர் அஞ்சுகிறார்கள். சிறுபான்மையினர் தாக்கப்படும் காலத்தில் அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ‘கிறித்தவத்தில் சாதி கிடையாதே, பிறகெதற்கு இடஒதுக்கீடு?’ என்பதுதான் அவர்களுடைய வாதம். திருச்சபையின் மௌனம் அந்த வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டது. 2022இல் அந்தோணி பூலா இந்தியாவின் முதல் தலித் கர்தினால் ஆனார். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் எறையூர்த் தெருவில் நிற்பவருக்கு இவை போதாது.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து அரசிடம் நீதி கேட்கும் ஆயர்கள், அதே நாளில் தங்கள் மறைமாவட்டக் கணக்கையும் வெளியிடட்டும். குருக்கள், ஆசிரியர்கள், நிர்வாகிகள், மாணவர்கள் ஆகியோரில் தலித்துகள் எத்தனை பேர் என்று ஊரறியச் சொல்லட்டும். கல்லறைச் சுவர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை இடிக்கட்டும். ஏழைகள் மீதான அக்கறையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.