சீட்டில் மறைத்து வைத்தது யார்?

டாரட் என்பது ஒரு சீட்டாட்டம். ரம்மி மாதிரி, இருபத்தெட்டு மாதிரி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்று யூடியூபில் தமிழில் டாரட் பலன் சொல்லுகிறவர்கள் எல்லாம் சொல்லுவார்கள், இதை மட்டும் சொல்ல மாட்டார்கள். எகிப்துப் பூசாரிகள் படத்துக்குள் ஒளித்து வைத்த ஞானம் என்பார்கள். இப்போது இன்னும் ஒரு படி மேலே போய், தொங்குகிற மனிதன் சீட்டு நம் சித்தர்களின் தலைகீழ் யோகம், நாலு ஜாதிச் சீட்டும் அறம் பொருள் இன்பம் வீடு என்று கிளம்பிவிட்டார்கள். கேட்கிறவர் தலையாட்டினால் எதையும் சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே அதற்கு 'தாரோ' என்று பெயர். கடைசி 'ட்' வாயில் வராது. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்விட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், சாயங்காலமானால் திண்ணையில் அந்தக் கட்டைப் பிரிப்பார். மொத்தம் 78 சீட்டு. நாலு ஜாதி, ஜாதிக்குப் 14 வீதம் 56. மீதி 22-ல் 21 துருப்பு, ஒன்று 'எக்ஸ்கூஸ்' என்கிற கோமாளி. 21-ம் நம்பர் துருப்பு கைக்கு வந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். ஞானம் கிடைத்த மலர்ச்சி இல்லை. அதை வேறு எந்தச் சீட்டாலும் வெட்ட முடியாது, அவ்வளவுதான். அந்தக் கட்டில் தொங்குகிறவனும் கிடையாது, இடிந்து விழுகிற கோபுரமும் கிடையாது. ஆடல் பாடல், குழந்தைகள், பருவகாலம் என்று சாதாரண ஊர்க் காட்சிகள்தான் துருப்புகளில் இருக்கும். பிரான்சில் இன்றும் லட்சக்கணக்கான பேர் ஆடுகிற ஆட்டம் இதுதான்.

சரி, அந்த மர்மப் படங்கள் எங்கிருந்து வந்தன? 1440-களில் வட இத்தாலியில், பணக்காரப் பிரபுக்கள் பொழுது போக்க வரைந்துகொண்ட சீட்டுகள் அவை. சக்கரவர்த்தி, போப், காதல், அதிர்ஷ்டச் சக்கரம், மரணம், இறுதித் தீர்ப்பு. அந்தக் காலத்து இத்தாலிக்காரனுக்கு இதில் ஒரு படத்துக்கும் விளக்கவுரை தேவையில்லை. நம் வீட்டுச் சுவரில் மயில்மேல் உட்கார்ந்திருப்பவரைக் காட்டி யார் என்று கேட்டால் பேரன்கூட முருகன் என்பான் அல்லவா, அந்த மாதிரி. முந்நூறு, நானூறு வருஷம் கழித்து வேறு ஊர்க்காரன் பார்க்கும்போது புரியவில்லை. புரியாததை மறைபொருள் என்று சொல்லிவிட்டான். மறந்து போனது வேறு, மறைத்து வைத்தது வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அப்படிச் சொன்னவர் பாரீஸில் இருந்த கூர் தெ ழெபலன் என்பவர். 1781-ல் ஒரு பெரிய நூல்வரிசையின் எட்டாவது பாகத்தில், இந்தச் சீட்டுகள் எகிப்தியரின் ரகசிய நூல் என்று எழுதினார். 'தார்' என்றால் எகிப்து மொழியில் பாதை, 'ரோ' என்றால் அரசன், ஆக ராஜபாட்டை என்று பதவுரையும் தந்தார். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. ஷம்பொலியோன் அதை வாசித்துக் காட்டியது 1822-ல். வாசிக்கத் தெரிந்த பிறகு பார்த்தால், அந்தத் 'தாரும்' இல்லை, 'ரோவும்' இல்லை. ஆனாலும் கதை நிற்கவில்லை. அலியெத் என்பவர் தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'எத்தெய்யா' என்று வைத்துக்கொண்டு, பலன் பார்க்கவே தனிக் கட்டு அச்சடித்து விற்றார். பிறகு எலிஃபாஸ் லெவி வந்து 22 சீட்டையும் எபிரேய மொழியின் 22 எழுத்தோடு முடிச்சுப் போட்டார். ஆக்ஸ்போர்டில் தத்துவப் பேராசிரியராக இருந்த மைக்கேல் டம்மெட் 1980-ல் இதையெல்லாம் துருவி, ஆட்டம்தான் முந்தியது, பலன் பிந்தி வந்தது என்று அறுநூறு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்.

இன்று நம்மூரில் விற்கிற கட்டு பெரும்பாலும் 1909-ல் லண்டனில் வந்தது. வெய்ட் என்பவர் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி வரைந்த படங்கள். பாண்டித்துரைத் தேவர் இந்த மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தது 1901-ல். நம் சங்கத்தைவிட எட்டு வயது இளைய படங்களை வைத்துக்கொண்டுதான் ஐயாயிரம் வருஷ ஞானம் என்கிறார்கள்.

ஒரே ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குகிற மனிதன். பழைய இத்தாலியில் அவன் துரோகி. துரோகிகளை அப்படித் தொங்குவது போலச் சுவரில் வரைந்து மானத்தை வாங்குவது அங்கே வழக்கம். ழெபலன் பார்த்தார், துரோகி அவருக்குப் பிடிக்கவில்லை. இது உண்மையில் 'விவேகம்', ஒரு காலை ஊன்றி யோசித்து நிற்கிற மனிதன், சீட்டு அடித்தவன் தெரியாமல் தலைகீழாக அச்சடித்துவிட்டான் என்றார். இன்றைக்குப் பலன் சொல்லுகிறவர்களைக் கேட்டால், 'பொறுத்திரு, காலம் கனியவில்லை' என்கிறார்கள். படம் ஒன்று. பொருள் மூன்று. மூன்றில் எது உள்ளே ஒளிந்திருந்தது?

இதை ஏட்டு வாதமாக நான் எழுதவில்லை. என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த நண்பரின் மனைவிக்குக் கண்ணில் கிளாக்கோமா. நீர் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவம், அந்த அம்மாவுக்குப் பயம். செல்போனில் ஒரு டாரட் ஆலோசகரிடம் பணம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். வந்தது அதே தொங்குகிற மனிதன். 'பொறுத்திருங்கள் அம்மா, பிரபஞ்சம் உங்களைக் காத்திருக்கச் சொல்கிறது.' ஐந்து மாதம் காத்திருந்தார். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பி வராது. இடது கண் இப்போது வெளிச்சம் மட்டும்தான் அறியும். கண் வைத்தியத்துக்காக இந்தியா முழுவதிலுமிருந்து ஜனங்கள் தேடி வருகிற மதுரையில் இது நடந்தது. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பயந்தவர் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வார். பிடித்துக்கொள்ளக் கொடுத்தவரைத்தான் கேட்கிறேன்.

'சார், இது ஜோசியமே இல்லை, மனசின் கண்ணாடி. அவரவர் மனசில் இருப்பதைப் படம் வெளியே கொண்டுவருகிறது' என்று படித்த பிள்ளைகள் என்னிடம் வாதாடுகிறார்கள். நல்லது. ஒரு படத்தைப் பார்த்து உனக்கு உன் தகப்பனார் ஞாபகம் வருகிறதா, உட்கார்ந்து யோசி, அழு, எழுதி வை. அந்த அர்த்தம் உன்னுடையது, அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் அது உன் மனசின் கண்ணாடி என்றால், அதில் உன் முகத்தை இன்னொருவர் பார்த்துச் சொல்ல எதற்குக் கட்டணம்? சொந்த அபிப்பிராயத்துக்கு எகிப்தின் கையெழுத்து எதற்கு? நான் குமாஸ்தாவாக இருந்தவன். மூலம் இல்லாத காகிதத்தில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தினால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

படத்துக்குப் பொருளே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் கல் யானை கரும்பு தின்கிற சிற்பத்துக்கு அர்த்தம் கேட்டால், பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அதற்கென்று ஒரு படலமே இருக்கிறது. எடுத்துப் படிக்கலாம், நான் சொல்லுவது சரியா என்று நீங்களே சரிபார்க்கலாம். சரிபார்க்க வழி இருந்தால் அது பொருள். வழியே இல்லை என்றால் அது சொல்லுகிறவரின் சாமர்த்தியம்.

'அப்போ நம்ம கிளி ஜோசியம் மட்டும் என்ன உசத்தி?' என்பீர்கள். உசத்தி இல்லை. கிளிக்கு நெல்மணிதான் தெரியும், நம் தலையெழுத்து தெரியாது. கூண்டில் அதை அடைப்பதைத் தடுக்கிற சட்டமும் நியாயமான சட்டம்தான். ஆனால் கிளிக்காரர் ஒன்றையும் மறைத்ததில்லை. 27 நட்சத்திரத்துக்கு 27 சீட்டு. முருகன் வந்தால் முருகன், மாதா படம் வந்தால் மாதா. மறைபொருள் என்று பெரிய பேச்சு கிடையாது. பஞ்சாங்கத்தில் ராமர் சக்கரம், சீதை சக்கரத்தில் விரல் வைத்துப் பார்த்தோம், அம்மன் சந்நிதியில் பூக் கட்டிப் போட்டுப் பார்த்தோம். அதற்காக எங்கள் வீட்டில் யாரும் டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டதில்லை. 2024 ஏப்ரலில், கடலூர்த் தொகுதியில் நின்ற தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று கிளிச் சீட்டில் பலன் சொன்னவர்மேல் வனத்துறை நடவடிக்கை எடுத்தது. தேர்தலில் அவர் ஜெயிக்கவில்லை என்பது வேறு விஷயம். மரத்தடியில் உட்கார்ந்தவர் கிளியால் மாட்டிக்கொள்கிறார். வழவழப்பான கட்டு வைத்துக்கொண்டு ஆங்கிலம் கலந்து பேசுகிறவரிடம் கிளி இல்லை, அதனால் கேட்பாரும் இல்லை. இருவரும் சொல்லுவது ஒன்றுதான். ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறோம், மற்றவருக்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்குகிறோம்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் யாராவது இந்தச் சீட்டை நீட்டினால் கோபப்படாதீர்கள். இந்தப் படத்தை யார் வரைந்தது, எந்த வருஷம், இந்த அர்த்தம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். வராவிட்டால், நாலு பேரைக் கூப்பிட்டு அந்தக் கட்டை வைத்து ஒரு ஆட்டம் போடுங்கள். அது அதற்காகத்தான் பிறந்தது. கண், காது, நெஞ்சுவலி என்றால் மட்டும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.